முதுகுக்கு ஒரு பெயர்

வாசகர்களே, சாட்சிக்கு வாருங்கள். அனுமந்தன்பட்டிப் பெண் ஒருத்தியின் முதுகு களவு போயிருக்கிறது. இருட்டில் நடந்த களவு அல்ல. விளக்குகள் கண்ணைக் கூசும் மேடையில், கைதட்டலுக்கு நடுவே, நாடே பார்த்துக்கொண்டிருக்க நடந்த களவு.

முதுகுக்குரியவள் வேல்விழி, திராட்சைத் தோட்டங்களில் முற்றிய கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டும் கூலிப்பெண். அவள் வேலை செய்த தோட்டத்துக்கு ஒருமுறை படப்பிடிப்புக் குழு வந்தது. மழையில், பந்தலுக்கடியில், கதாநாயகி ஓட வேண்டும். பந்தலோ ஆளுயரத்துக்கும் தாழ்ந்தது. நிமிர்ந்து ஓடிய நடிகையின் நெற்றியைக் கம்பி பதம் பார்த்தது. உடனே அதே நிறச் சேலையை வேல்விழிக்கு உடுத்தி, "பின்னாலிருந்துதான் எடுக்கிறோம், ஓடம்மா" என்றார்கள். அவள் குனிந்து, வலக்கையைத் தலைக்குமேல் கவித்து, ஒரு கம்பியிலும் முட்டாமல் ஓடினாள்.

படம் வெளிவந்து ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆண்டு முடிவில் தொலைக்காட்சியில் விருது விழா நடந்தது. சிறந்த நடிகையின் பெயரை அறிவிக்குமுன் படத்திலிருந்து ஒரு துண்டைக் காட்டினார்கள். மழை, பந்தல், ஓடும் முதுகு.

"ஏங்க, அது நான்" என்றாள் வேல்விழி.

கணவன் செல்லப்பாண்டி தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "எது நீயி?"

"அந்தா ஓடுதுல்ல, அந்த முதுகு."

"முதுகுக்கெல்லாம் விருது குடுத்தா நம்ம செவலக் காளைக்கும் ஒண்ணு வாங்கணும். கொழம்ப ஊத்து."

திரையில் நடிகை கண்ணீர் மல்கச் சிலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த ஓட்டத்துக்காக ஒரு மாதம் பயிற்சி எடுத்தாளாம். வேல்விழியின் வயிற்றில் நெருப்பு விழுந்தது. அன்று விழுந்தது அணையவே இல்லை. நடிகை விளம்பரம் செய்த சோப்பு வீட்டைவிட்டு வெளியேறியது. உத்தமபாளையம் போகும் பேருந்தில், அந்த முகம் ஒட்டிய சுவர் வரும்போதெல்லாம் மறுபக்க மலையைப் பார்த்தாள். அந்தச் சிலை எந்த அலமாரியில் நிற்கும், வருகிறவர்களிடம் அவள் எப்படிச் சிரித்துக்கொண்டே காட்டுவாள் என்று எண்ணியெண்ணிக் கவாத்துக் கத்தரியால் வெட்டக் கூடாத பச்சைக் குருத்தையே நறுக்கினாள்.

தை மாதத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. உத்தமபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வின், தன் திரை ரசிகர் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் சென்ற ஆண்டுப் படங்களை அலசிக் கூட்டம் போடுவான். சிறந்த காட்சிக்குக் கேடயமும் உண்டு. வேல்விழி துணைக்கு மொக்கம்மாளை அழைத்துக்கொண்டு போனாள். மொக்கம்மாள் அவளோடு ஒரே வரிசையில் கவாத்து வெட்டுகிறவள், முறைக்கு மதினி.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. "நம்ம மண்ணுல எடுத்த படம். சிறந்த காட்சி இதுதான்" என்று செல்வின் ஓட்டத்தைத் திரையில் விட்டான். வேல்விழி எழுந்தாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. அங்கன ஓடுறது நான்."

"ஆத்தா, அப்ப அந்தப் படத்துல பிளேன்ல வந்து எறங்குனதும் நீதானா?" என்றான் ஒருவன். மண்டபம் சிரித்தது.

அவள் மேடையேறினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். குனிந்தாள், வலக்கையைத் தலைக்குமேல் கவித்தாள், இல்லாத கம்பிகளுக்கு அடியில் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். சிரிப்பு அடங்கியது. திரையில் உறைந்து நின்ற முதுகும் மேடையில் ஓடிய முதுகும் ஒன்றே என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

"தப்பாப் போச்சுக்கா. இது ஒங்களுக்குத்தான்" என்று செல்வின் கேடயத்தை நீட்டினான். கைதட்டல் எழுந்தது. அதை அவள் தாகத்தோடு குடித்தாள். செல்வின் காட்சியை மேலே ஓடவிட்டான். திரை முழுதும் இரண்டு பாதங்கள்: வெடித்த குதிகால், சேறு, கால்விரலில் குத்தி நின்ற குச்சி, நிற்காத ஓட்டம்.

"அடேயப்பா. காலும் ஒங்களுதுதானக்கா?"

இல்லை. அது மொக்கம்மாளின் கால். அன்று தோட்டத்தில் வேல்விழியின் காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய இயக்குநர், மொக்கம்மாளின் காலைக் கண்டதும் "இந்தக் கால்தான் என் படம்" என்றார். அந்த ஒரு சொல்லை வேல்விழி மன்னிக்கவில்லை. படப்பிடிப்புக் கதையை ஊரில் எத்தனையோ முறை சொன்னாள். ஒருமுறைகூட அதில் மொக்கம்மாளின் கால் வரவில்லை.

"ஆமா" என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அந்த நடிகையும் இப்படித்தான் வாங்கியிருப்பாள்; யாரோ நீட்டினார்கள், அவள் மறுக்கவில்லை. வேல்விழி கீழே பார்த்தாள். மொக்கம்மாள் கால்களை மெல்ல நாற்காலிக்கடியில் இழுத்து, சேலைக் கரையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே" என்றாள் வேல்விழி, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவள்போல. "அது எங்க மதினி காலு. அந்தா, சேலைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காக, பாருங்க."

மொக்கம்மாளை மேடைக்கு இழுத்து வந்தார்கள். "மூஞ்சி ஒருத்தி, முதுகு ஒருத்தி, காலு ஒருத்தி" என்றாள் அவள் மைக்கில். "மூணு பேரப் பிச்சு ஒருத்தியாத் தச்சிருக்கானுக. நல்ல தையக்காரனுகதான்."

மண்டபம் மறுபடி சிரித்தது, இம்முறை அவர்களோடு. செல்வின் பேனாவால் கேடயத்தில் இருவர் பெயரையும் எழுதினான். வேல்விழி எட்டிப் பார்த்தாள். மொக்கம்மாள் பெயர் மேலே இருந்தது. வயிறு மீண்டும் எரிந்தது.

அவளைப் பார்த்து நகைக்காதீர்கள். உழைத்தவர் பலராக இருக்க ஒரே பெயருக்கு இடம் விட்டவர்கள் மூட்டிய நெருப்பு அது. நாளை உங்கள் ஊருக்கும் படப்பிடிப்பு வரும். நடிகரோடு படம் எடுத்துக்கொள்ள முண்டியடிக்குமுன், ஓடப்போகும் முதுகுக்கும் மிதிக்கப்போகும் காலுக்கும் திரையில் பெயர் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், தோட்டத்துப் படல்கதவைத் திறக்காதீர்கள்.