நல்ல காது

காலைப் பூசையில், பரிசுத்தர் ஒருவரே என்று பாடிய அதே கூட்டம், மதியத்துக்குள், எங்கள் தந்தை என்ற பொருளில் ‘அபூனா’ என்று தாங்கள் அழைக்கும் துறவி சரபாமோனின் அங்கியைப் புனிதச் சின்னமாக நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. எப்போதோ அவர் எண்ணெய் பூசிய குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதாம். அன்றிலிருந்து மடத்து வாசலில் பேருந்துகள். மலைக் குகைக்குப் போய்விடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். மடத்துத் தலைவர் விடவில்லை.

சரபாமோனுக்குள் ஒரு முரட்டுக் கோபம் உண்டு. அதை அறுக்கத்தான் பாலைவனத்துக்கு வந்தார். அறுபடும் முன்பே ஊர் அவரைப் பரிசுத்தர் ஆக்கிவிட்டது. இப்போது அவரைக் கண்டிக்க ஆளில்லை. அவர் பயந்தது அதற்குத்தான்.

மின்யா நகரத்திலிருந்து வந்த வஹீப், ஒரு காதில் பஞ்சு அடைத்தவன், சின்னக் கத்தரியால் அங்கியின் ஓரத்தை வெட்டினான். சரபாமோன் திரும்பி ஓங்கி ஓர் அறை விட்டார்.

வஹீப் கத்தினான்: "கேக்குது! எனக்குக் காது கேக்குது!"

குலவை எழுந்தது. "எனக்கும் ஒண்ணு குடுங்க அபூனா!" என்று ஆளாளுக்குக் கன்னத்தை நீட்டினார்கள்.

சரபாமோன் மண்ணில் நெற்றி பட விழுந்து வஹீபிடம் மன்னிப்புக் கேட்டார். "என்ன தாழ்மை பாரு!" என்று பெண்கள் அழுதார்கள். நெற்றி பட்ட மண்ணை ஒருத்தி கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அவருடைய பாவ அறிக்கையைக் கேட்கும் மூத்த துறவி வீசா, அவரை அறைக்குள் இழுத்துப்போனார்.

"கோபத்துல அடிச்சேன். பாவம்னு சொல்லுங்க."

"அவனுக்குக் காது கேக்குதாமேப்பா. நான் எந்த வாயால சொல்றது?"

வீசா வெளியே போய்த் தாழ்ப்பாள் போட்டார். கூட்டம் உள்ளே வராமல் இருக்கத்தான். சரபாமோன் அறையின் அரையிருட்டில் தன் வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

சன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு பெண் வந்து நின்றாள்.

"நான் வஹீபோட சம்சாரம், தமியானா. நீங்க அடிச்சது நல்ல காதுல, அபூனா. பஞ்சு வச்சதுதான் கேக்காத காது. இப்ப நல்ல காதும் இரையுதாம். அதையும் அந்த மடையன் அற்புதம்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்."

சரபாமோன் எழுந்து சன்னலருகே வந்தார். "என்னை மன்னிச்சுடும்மா."

"அவன்கிட்ட கேட்டா உங்க கைக்கு முத்தம் குடுப்பான். அதான் நான் வந்தேன்." அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். "மன்னிக்கிறேன். ஆனா இன்னைக்கு இல்ல. அவனுக்கு இரைச்சல் நிக்கட்டும்."

பேருந்து ஹாரன் அடித்தது. அவள் ஆசி கேட்காமலே போனாள்.

வெளியே இன்னொரு பேருந்து வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டி அவர் பெயரைச் சொல்லி அழுதார்கள். சரபாமோன் மண்டியிட்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரு பாவியாக ஜெபிக்க ஆரம்பித்தார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது; யார் நினைத்தாலும் திறக்கலாம்.