இறக்கக் கூடாத தலை

'செம்பனைப் பேய்' படத்தின் முதல் பாகம், பார்ப்பவர்களைப் பயமுறுத்துவதற்காகவே எடுக்கப்பட்டது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் அதைத் திரையிட்டபோது, பேய் வந்த இடத்திலெல்லாம் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் முடிந்ததும் மேடையேறிய இயக்குநர் லோகேஸ்வரன், தாம் எடுத்தது நகைச்சுவைப் படந்தான் என்று கண்ணிமைக்காமல் சொல்லிவிட்டார். இரண்டாம் பாகத்தை நகைச்சுவை என்று முன்கூட்டியே அறிவித்து எடுத்தார். அதற்குச் சிரித்தவர்கள் குறைவு. மூன்றாம் பாகம் எதற்கு என்று அவரை எவரும் கேட்கவில்லை. அவர் குளுவாங்கில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவர். மார்கழியில் கல்யாணம் கிடையாது. கேமரா சும்மா இருந்தது. மார்கழியில் ஜொகூரில் மழை கொட்டும் என்பது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை.

இரண்டு பாகங்களிலும் பேயாக நடித்தவன் சுகுமாறன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் குளிர்சாதனப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவனுக்கு. படப்பிடிப்பு என்றால் ஆண்டு விடுமுறையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். பேயின் தலை, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் முற்றிய குலையைப் போலப் பெரியது. குளுவாங்கில் தையற்கடை வைத்திருந்த பிரேமலா அதைப் பஞ்சுமெத்தையை வெட்டிச் செய்து, மோட்டார் சைக்கிளின் பின்விளக்குகளைக் கண்களாகவும், பிளாஸ்டிக் கரண்டிகளைப் பற்களாகவும், கிழிந்த மழைக்கோட்டு ஒன்றை நாக்காகவும் பொருத்தியிருந்தாள். அதற்குள் புகுந்துவிட்டால் சுகுமாறனின் மூக்குக்கூட வெளியே தெரியாது.

அதுதான் அவனுடைய குறை. கல்யாண வீடுகளில் கதாநாயகன் அர்ச்சுனனோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். சுகுமாறன் தட்டோடு ஓரமாக நிற்பான். "நான்தாங்க அந்தப் பேய்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "பாத்தாலே தெரியுது லா" என்று ஒருவர் சொல்ல, மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. அவனுடைய மனைவி ஷர்மினி மட்டும், "படத்துல உங்க மூஞ்சி எப்பத்தான் வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் பாகத்தில் வரும் என்று லோகேஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசிக் காட்சியில் அர்ச்சுனன், "யாருடா நீ?" என்று கேட்பான், பேய் தன் தலையைத் தானே கழற்றும், உள்ளிருக்கும் மனிதன் திரை நிறையச் சிரிப்பான். அந்த ஒரு காட்சிக்காகச் சுகுமாறன் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தான்.

லாயாங் லாயாங் ஊரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் படப்பிடிப்புத் தொடங்கியது. முறைப்படி பூசை போட்டார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிரேமலா, கையோடு பேயின் நெற்றியிலும் ஒரு பெரிய பொட்டு வைத்து, மிஞ்சிய மாலையை அதன் கழுத்தில் போட்டாள். நண்பகலில் மழை பிடித்தது. தலை நனைந்து, இரண்டு பேர் தூக்கும் கனமாயிற்று.

"வேன்ல அடைச்சா நாத்தம் எடுத்துடும். வெயில்ல வச்சா வெடிச்சிடும். காத்தாட இருக்கணும்" என்றாள் பிரேமலா.

தோட்டச் சாலையோரம், தூங்குமூஞ்சி மரத்தடியில், முன்பு குலைகளை எடைபோட்ட சிமெண்டு மேடை ஒன்று கிடந்தது. அதன்மேல் தலையை வைத்து, நான்கு குச்சி நட்டு, மேலே கித்தானைக் கட்டிவிட்டு, காலையில் வருவதாகப் புறப்பட்டார்கள். காலையில் வர முடியவில்லை. ஆறு கரை புரண்டு, சாலை முழுகிப்போயிற்று.

வெள்ளம் வடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது மேடையை அடையாளம் தெரியவில்லை. கித்தான் இருந்த இடத்தில் புதுத் தகரக் கூரை இருந்தது. பேய்க்கு மஞ்சள் துணி சாத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சூலம்; சூலத்தின் முனைகளில் எலுமிச்சை. காலடியில் சுருட்டுகள், ஒரு கருப்பு பீர் டின், ஆறிப்போன பொங்கல். யாரோ கரண்டிப் பற்களைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். பிரேமலா பூசியிருந்த மஞ்சள் கறை போய் அவை பளிச்சென்று இருந்தன.

குலை ஏற்றும் லோரிக்காரர் வேலு, வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஆரன் அடித்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். படக்குழுவைப் பார்த்து, "நீங்களும் கேள்விப்பட்டு வந்தீங்களா?" என்றார்.

"என்ன கேள்விப்பட்டு?" என்றார் லோகேஸ்வரன்.

"அலமாக், தெரியாதா? லயத்து வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி. இந்த மேடைகிட்ட வந்து ஒரு சாண் கீழே நின்னுடுச்சி. என் லோரி இதுக்குப் பின்னாலதான் நின்னுச்சி. ஒரு சொட்டு உள்ளே போகல."

"இதை இங்க வச்சது யாரு?"

"யாரும் வைக்கலண்ணே, அதான் விசேசம். வெள்ளத்துக்கு முதநாளு தானா வந்து உக்காந்திருக்கு. பொட்டோட, மாலையோட."

வெள்ளத்துக்குப் பயந்துதான் எடைமேடையை அந்த மேட்டில் கட்டினார்கள் என்பது பழைய நிர்வாகத்துக்குத் தெரியும். பழைய நிர்வாகம் போய் நெடுநாளாயிற்று. பிரேமலா தன் கையால் வைத்த பொட்டைப் பார்த்தாள்; வாயைத் திறக்கவில்லை. லோகேஸ்வரனும் திறக்கவில்லை. வேலு போனதும் அவர் வேனுக்குப் பின்னால் கூட்டம் போட்டார்.

"கை வச்சா உதைதான் கிடைக்கும். அர்ச்சுனனுக்கு நாளைக்குச் சிங்கப்பூர்ல வேலை. இன்னிக்கு விட்டா ஆள் கிடைக்காது. பார்ட் டூவுல பேய் ஓடுற காட்சி கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை வச்சி ஒப்பேத்திடலாம்."

"அப்ப நான் தலையைக் கழட்டுற காட்சி?" என்றான் சுகுமாறன்.

"பார்ட் ஃபோர்ல பாத்துக்கலாம்டா."

நான்காம் பாகம் வராது என்பது லோகேஸ்வரனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சுகுமாறன் கழுத்துவரை பேய் உடையில் இருந்தான். செம்பனை நாரால் தைத்த உடை நடக்கும்போதெல்லாம் சரசரத்தது. அப்படியே மேடையை நோக்கி நடந்தான்.

அங்கே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவர் வெள்ளையம்மா. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்குத் தலைவி. வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து அந்த இடத்தின் பொறுப்பும் அவருடையதாயிற்று; யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அக்கா, இது எங்களோடதுக்கா. படத்துக்குச் செஞ்ச பேய்த் தலை."

வெள்ளையம்மா துடைப்பத்தை நிமிர்த்தினார். "பேயா? வாயைக் கழுவிட்டு வா."

"பல்லைப் பாருங்கக்கா. கரண்டி."

"கரண்டின்னு எனக்குத் தெரியாதா? நான்தானே கழுவுனேன். வெறுங்கல்லுல வர்ற சாமி கரண்டியில வராதா?"

சுகுமாறன் கைப்பேசியை எடுத்து, இரண்டாம் பாகத்தின் முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினான். வெள்ளையம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இந்தப் படம் புள்ளைங்கள விடுற ஆயாக்கொட்டகையில போட்டாங்களே! செம்பனைப் பேய்! அது வேற, இது வேற. அது ரொம்ப சிரிப்பால்ல இருக்கும்."

"அது நான்தான்க்கா."

"போடா. அது யாரோ கோலாலம்பூரு ஆளு." அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏணியில இருந்து வழுக்கி விழுந்து, நிதானமா உக்காந்து, சுத்திமுத்தியும் பாத்துட்டு இடுப்பைத் தேச்சிக்கும் பாரு. எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் அது. அந்த ஒரு இடத்துக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரிச்சேன்."

லோகேஸ்வரன் எழுதிய கதையில் அந்த இடம் இல்லை. ஏணி உண்மையாகவே வழுக்கிவிட்டது. எடுத்ததை வீணாக்க வேண்டாமே என்று சுகுமாறன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டான்.

அவன் இரண்டடி பின்னால் போனான். இல்லாத ஏணியில் காலை வைத்தான், வழுக்கினான், விழுந்தான். சேற்றில் நிதானமாக உட்கார்ந்து, இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, இடுப்பைத் தேய்த்தான்.

வெள்ளையம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடப்பாவி, நீதானா! நீயேதான்!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மேடையைத் திரும்பிப் பார்த்து, சிரிப்பை அடக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப தலையைக் குடுங்கக்கா. சாயங்காலத்துக்குள்ளே திருப்பி வச்சிடுறேன்."

அது படத்துக்குச் செய்த பொருள் என்பதை வெள்ளையம்மா இப்போது நம்பினார். அதனால் சாமி இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் கணக்கு. கடைசியில் கணக்குத் தீர்ந்தது.

"கரகம் எடுக்கிற மாதிரி எடு. நான் தூக்கி உன் தலையில வைப்பேன். இங்க வந்துதான் இறக்கணும். நடுவுல ஒரு இடத்துலயும் இறக்கக் கூடாது. சம்மதமா?"

"கடைசிக் காட்சியே தலையை இறக்குறதுதான்க்கா."

"அப்படின்னா அதை விட்டுடு. சாமியை நாலு பேரு முன்னால கழட்டிக் காட்டுறது என்ன பொழப்பு?"

வேனின் பக்கம் லோகேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை இல்லாவிட்டால் காட்சியே இல்லை. தலை வந்துவிட்டால், அப்புறம் நடப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். சுகுமாறன், "சம்மதம்" என்று சொல்லி, குனிந்தான்.

சூடம் காட்டி, காய்ந்து லேசாகியிருந்த அதை மஞ்சள் துணியோடு அவன் தலையில் ஏற்றினார்கள். அவன் நடக்க, லயத்துச் சனங்கள் கூடவே நடந்தார்கள். ஒருவர் உறுமி வாசித்தார். வெள்ளையம்மா பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து பேயின் கால்களில் ஊற்றினார். அர்ச்சுனன் வசனத்தைத் தவறவிட்டதால் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். ஒலிப்பதிவில் உறுமி விழுகிறது என்று லோகேஸ்வரன் கெஞ்சியபின், அதை மட்டும் நிறுத்தினார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. லோகேஸ்வரன் தலையைச் சரிசெய்வது போல் அருகில் வந்து, மஞ்சள் துணிக்குள் வாயை வைத்துக் குசுகுசுத்தார். "அந்தம்மா தண்ணி மொள்ளப் போயிருக்கு. சட்டுனு கழட்டிச் சிரிச்சிடு. ஒரே டேக். உன் மூஞ்சிக்கு நான் கேரண்டி."

கேமரா ஓடியது. அர்ச்சுனன் விரலை நீட்டினான். "யாருடா நீ?"

சுகுமாறன் இரண்டு கைகளையும் தலைக்குக் கீழே கொடுத்தான். உள்ளே இருட்டு, சந்தன வாசனை, நாக்கின் கிழிசல் வழியாக உலகம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அந்தக் கீற்றில் கேமரா இருந்தது. அதற்குப் பின்னால், நிறைந்த செம்பைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, வெள்ளையம்மா திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தடுக்கவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. பேய் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று பார்க்க வந்தவரைப் போல நின்றார்.

தூக்கினால் போதும். பல்லையெல்லாம் சுத்தம் செய்துதான் வந்திருந்தான்.

அவன் தூக்கினான், தூக்குவது போலத் தூக்கி, விரல்களால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான். தலை வரவில்லை. முக்கிப் பார்த்தான்; வரவில்லை. பேய் வியந்துபோய் அர்ச்சுனனைப் பார்த்தது. வா, வந்து ஒரு கை பிடி என்று சைகை காட்டியது. அர்ச்சுனன் திகைத்தான், ஆனாலும் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால், வந்து உடையின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் சுற்றினார்கள், கால் இடறிற்று, பேய் பொத்தென்று உட்கார்ந்தது. ஒரு கையால் தலையைப் பிடித்தபடி, இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. மறுகையால் இடுப்பைத் தேய்த்துக்கொண்டது.

முதலில் சிரித்தது பிரேமலா. பிறகு வேலு. வெள்ளையம்மா சிரித்த சிரிப்பில் செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீர் பாதி அவருடைய காலிலேயே கொட்டிற்று. லோகேஸ்வரன் "கட்" சொல்ல மறந்து நின்றார். பிறகு, இதுதான் தாம் முதலிலிருந்தே நினைத்த முடிவு என்று அர்ச்சுனனிடம் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் தலையை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். லோகேஸ்வரன் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். வெள்ளையம்மா தலையைத் தூக்கி மேடையில் அமர்த்த, வியர்த்து, வெளிறி, நெற்றியில் பஞ்சு ஒட்டிய ஒரு முகம் வெளியே வந்தது. லயத்துச் சனங்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். வெள்ளையம்மா அதில் திருநீறு பூசி, "உன் பேரு என்னப்பா?" என்றார்.

"சுகுமாறன்."

"சுகுமாறன்" என்று அவர் கூட்டத்துக்குத் திரும்பச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. பிறகு பொங்கல் வாங்கப் போயிற்று.

வேனில் ஏறியதும் ஷர்மினி அழைத்தாள். "என்னங்க, மூஞ்சி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நெசமாவா? யாராருக்கு?"

சுகுமாறன் சன்னல் வழியாகப் பார்த்தான். தகரக் கூரைக்குக் கீழே சிவப்பு விளக்குக் கண்கள் அந்தி வெயிலில் மின்னின. பொங்கல் இலையோடு நின்ற வெள்ளையம்மா, பக்கத்தில் நின்றவரிடம் எதையோ சொல்லி, இடுப்பைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"லாயாங் லாயாங் பக்கம், கொஞ்சம் பேருக்கு" என்றான்.