தூற்றிவிட்ட தூசி

காரின் புகைக்குழாய்க்குள் புகையைச் சுத்தம் பண்ண ஒரு டப்பா இருக்கிறதாம். அதில் பூசிய பிளாட்டினம் ஓட்டத்தில் உதிர்ந்து ரோட்டோரத் தூசியில் படிகிறதாம். எவ்வளவு உதிர்கிறது என்று அளக்கத்தான் தஞ்சாவூரிலிருந்து ஆராய்ச்சி மாணவி பூர்ணிமா வந்தாள். வலங்கைமான் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸால் கட்டம் போட்டு, கிழக்குக் கட்டத்தைக் கூட்டிப் பையில் கட்டி வைக்கும் வேலையை அந்த ஊர்க் களத்து வேலைக்காரி ரெங்கம்மாளிடம் ஒப்படைத்திருந்தாள்.

ஐந்து வாரமாக மழை இல்லை. சேர வேண்டியது சேர்ந்திருந்தது. இன்றோ வானம் கறுத்துவிட்டது. ஒரு தூறல் போட்டால் அத்தனையும் வாய்க்காலுக்குப் போய்விடும்.

பூர்ணிமா ஓட்டமாக வந்து ரெங்கம்மாள் கட்டி வைத்த பையைத் திறந்தாள். உள்ளே கல்லும் நாலு நெல்மணியும் இருந்தன.

"தூசி எங்கக்கா?"

"கிழக்கோரத்துல நெல்லு காயப் போட்டிருந்தாங்கம்மா. கூட்டினா ஒரே பதரு. குப்பையவா குடுக்குறதுன்னு முறத்துல போட்டுத் தூத்திட்டேன். சுத்தமா இருக்கா?"

பூர்ணிமா வாய்க்கால் கல்வெர்ட்டின் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தத் தூசியிலதாங்க்கா பிளாட்டினமே. தங்கத்துக்கு அண்ணன்."

ரெங்கம்மாள் தன் கையைப் பார்த்தாள். நாற்பது வருடம் களத்தில் தூற்றிய கை. காற்றைக் கண்டால் தானாக முறத்தைத் தூக்கிவிடும்.

"அடி ஆத்தே! தங்கத்தோட அண்ணன ஊதிவிட்டுட்டுக் கல்லக் கட்டி வச்சிருக்கேனே!"

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கண் வானத்தின் மேலேயே இருந்தது.

"மேக்கால கட்டம் ஒண்ணு கெடக்கே? அந்தப் பக்கம் யாரும் நெல்லு போடல. நான் தொடவும் இல்ல" என்றாள் ரெங்கம்மாள்.

"அத அடுத்த வாரம் எடுக்கலாம்னு விட்டு வச்சது." பூர்ணிமா எழுந்துவிட்டாள். "அஞ்சு வாரத் தூசியும் அப்படியே இருக்கும்ல?"

"பேச்சுக்கு நேரமில்ல, வா. ஈரக்காத்து அடிக்குது. அரை நாழி தாங்காது."

இருவரும் குத்துக்காலிட்டுக் கூட்டினார்கள். ரெங்கம்மாள் முந்தானையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். சருகோ கல்லோ, இம்முறை எதையும் விலக்கவில்லை. முறம் வாய்க்கால் கரையில் கவிழ்ந்து கிடந்தது.

பையின் வாயை ஒட்டியபோது முதல் துளி பூர்ணிமாவின் புறங்கையில் விழுந்தது.

"பை மேல சீட்டு எழுதணும்க்கா."

"குடு, நானே எழுதுறேன்." முதியோர் பள்ளியில் போன வருடம்தான் ரெங்கம்மாள் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். பையை மடியில் வைத்துக் குனிந்து, மழைக்கு முதுகைக் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாய் எழுதினாள்: மேற்கு ஓரம். தூற்றாதது. ரெங்கம்மாள்.