காக்காய் தொடாத இலை

மாடிச் சுவரின் மேல் இலைத்துண்டில் சோறும் பருப்பும் வடையும் பாயசமும் வைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. மலைக்கோயிலில் உச்சிக்கால மணிகூட அடித்து ஓய்ந்தாயிற்று. ஒரு காக்காயைக்கூடக் காணோம்.

மாமியார் ஜெயம்மாளின் முதல் வருஷத் திதி. சமையல் முழுக்க மருமகள் அனிதாதான். காக்காய் தொட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போட வேண்டும். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த நாத்தனார் பானுப்ரியாவோ பசி தாங்குகிற ஆளும் இல்லை, மனதில் பட்டதை அடக்கி வைக்கிற ஆளும் இல்லை.

"இன்னா நைனா, ஒண்ணுகூட வரல? அம்மாவுக்கு சமையல் புடிக்கலியோ இன்னாமோ!" என்றாள் அப்பாவிடம்.

அனிதாவுக்குச் சுருக்கென்றது. விடிகாலையில் எழுந்து, தலைக்குக் குளித்து, உப்புகூடப் பார்க்காமல் சமைத்தவள். உயிரோடு இருந்தவரை மாமியார் அவள் சமையலில் எதையும் 'இன்னொண்ணு போடு' என்று கேட்டதே இல்லை. போன பிறகாவது ஒரு வாய் சாப்பிடக்கூடாதா?

"கா... கா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். துணிக்கொடியில் ஏதோ பளீரென்று மின்னியதில் கண் கூசியது.

ஆறு பழைய சிடிக்கள். துவைத்த துணியில் எச்சமிடுகிறதே என்று, காக்காயை விரட்ட மூன்று மாதம் முன்பு அவளே கட்டித் தொங்கவிட்டவை. 'ஒழிந்தது சனியன்' என்று அன்றைக்கு குஷியாக வேறு இருந்தாள். இப்போது சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு.

"மாமா, தப்பு என்னுதுங்க. காக்கா வரக்கூடாதுன்னு நான்தான் இதக் கட்டினேன்."

பானுப்ரியா வாயைத் திறப்பதற்குள் மாமனார் துரைக்கண்ணு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உங்க அத்த மட்டும் இன்னாவாம்? வடகத்தக் காயவெச்சுட்டு, கையில குச்சி வெச்சுகினு நாள்பூரா காக்கா ஓட்டிகினு இருப்பா. அவுத்துடும்மா."

அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்காய் வந்து கொடியில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. காய்ந்துகொண்டிருந்த அனிதாவின் புதுச்சேலையில் எச்சமிட்டது. பிறகு ஆற அமர இறங்கி வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"ஆங், உங்க அத்தயேதான்," என்றார் துரைக்கண்ணு. பானுப்ரியாகூடச் சிரித்துவிட்டாள்.

சேலையை அனிதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

காக்காய் அதற்கும் வந்தது.