பச்சை அட்டையில் என் கையெழுத்து

மின்தூக்கியைச் சோதிப்பவன் தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. பழுதில்லையெனில் பச்சை அட்டை. பழுது உண்டெனில் சிவப்பு அட்டை. அட்டையைக் கதவருகே தொங்கவிட்டு, கார்பன் தாள்வழி பதியும் அதன் கரிநகலை அட்டைப் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகளாக நான் இவ்வேலையைச் செய்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் பேனாவை எடுக்கும்போது என் முதுகு தானாகவே நிமிர்கிறது.

இப்பெருமைக்குக் காரணம் உண்டு. முப்பத்து நான்கு வயது வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அந்த வயதுக்குள் நூற்றுக்கணக்கானோரின் கையொப்பங்களை நான் இட்டிருந்தேன்.

என் தந்தையைத் தொழில் வட்டத்தில் ‘கைராசி’ என்று அழைப்பார்கள். பத்திரமோ, உயிலோ, உரிமமோ, பிறர் கையெழுத்தை அச்சு அசலாக இடுவதில் அவருக்கு நிகரில்லை. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது அத்தொழில் என் கைக்கு வந்தது. அதற்காகவே அவர் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. “படிச்சவன் கை எழுத்தப் பார்க்கும்டா. படிக்காதவன் கைதான் கோட்டப் பார்க்கும்,” என்பார். தாளைத் தலைகீழாகத் திருப்பி என் முன் வைப்பார். நான் படம் வரைவதுபோல் வரைவேன். அது யாருடைய பெயர், அதனால் யாருடைய வீடு பறிபோகிறது என்பதெல்லாம் நீதிமன்றத்தில் உரக்கப் படிக்கப்பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆறு ஆண்டுகள் சிறை. அப்பாவின்மீது ஒரு குற்றமும் நிற்கவில்லை; எந்தத் தாளிலும் அவர் கை இல்லை.

சிறையில் பகலில் அச்சகத்தில் வேலை, மாலையில் படிப்பு. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்பு வரை தேறினேன். வெளியே வந்து மின்தூக்கி நிறுவனத்தின் விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பினேன். ‘முன்பு வேலை பார்த்த இடம்’ என்ற கட்டத்தில் ‘அரசு அச்சகம்’ என்று எழுதினேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. அந்தப் பாதி உண்மை நெருஞ்சிமுள்ளாக என் காலடியிலேயே கிடந்தது.

நானும் அப்பாவும் ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்து வர வேண்டும். அக்கட்டடத்தின் மின்தூக்கியும் என் பொறுப்பில் உள்ளவற்றுள் ஒன்று.

சென்ற திங்கட்கிழமை அதைச் சோதித்தேன். கயிறு அறுந்தால் கூண்டின் இருபுறமும் உள்ள இரும்புப் பற்கள் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்த வேண்டும். இடப்புறம் கவ்வியது, வலப்புறம் வழுக்கியது. மும்முறை சோதித்தேன், மும்முறையும் அவ்வாறே. புதிய உதிரிப்பாகம் வர மூன்று வாரமாகும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டினேன். புத்தகத்தைச் சுவரில் வைத்துச் சிவப்பு அட்டையில் கையொப்பமிட்டேன். சுவர் சொரசொரப்பானது, பேனா ஓரிடத்தில் துள்ளி, கோடு அறுந்துபோயிற்று. ஆயினும் என் பெயர் என் பெயரே என்று அதையே தொங்கவிட்டேன்.

கட்டட உரிமையாளர் வந்தார். அவர் அப்பாவின் பழைய வாடிக்கையாளர்.

“என்ன தம்பி, சிவப்புக்கொடி காட்டிட்ட? மூணு வாரம் மூடி வச்சா குடியிருக்கிறவங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க. பச்சைல ஒண்ணு போட்டுத் தொங்க விடு.”

“பல்லு பிடிக்கல சார். ஆள் ஏறக்கூடாது.”

“கயிறு அறுந்தாத்தானே பல்லு வேணும்? இருபது வருசமா அறுந்திருக்கா?”

“அறுந்த பிறகு என்னைக் கேட்டுப் பிரயோசனமில்ல சார்.”

“கைராசி மகன் கையெழுத்துப் போட யோசிக்கிறான்,” என்று சிரித்தார். “புலிக்குப் பொறந்தது பூனையாயிடுச்சு.”

மறுநாள் அப்பாவுக்கு மருத்துவமனை. ஐந்து மாடியும் அவரை முதுகில் சுமந்து இறங்கினேன். பிற்பகலில் சுமந்து ஏறினேன். மூன்றாம் மாடிக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அப்பா என் காதருகில் முணுமுணுத்தார்.

“அரிசி மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறியேடா. ஊரே வேடிக்கை பார்க்குது. ஒரு கையெழுத்து. ரெண்டு விநாடி வேலை.”

“அது என் பேருப்பா.”

“பேரு. பெரிய பேரு. வச்சவன் நான்.”

மாலையில் எனக்கு வேறோரிடத்தில் வேலை இருந்தது. புதன்கிழமை காலை படியிறங்கி வந்தபோது, தரைத்தளத்தில் மின்தூக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவருகே சிவப்பு அட்டை இருந்த இடத்தில் பச்சை அட்டை. அதில் என் கையொப்பம்.

கூண்டில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு முதலில் மின்சாரத்தைத் துண்டித்தேன். என் பூட்டை யாரோ அறுத்திருந்தார்கள். பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். அது என் கையொப்பமேதான். என் எழுத்தின் தயக்கமும், நீண்டுபோகும் கடைசிச் சுழியும் அப்படியே இருந்தன. பச்சை அட்டைகள் என் பையில் இருந்தன. முந்தின நாள் மாலை நான் வெளியே போனபோது பை வீட்டில் இருந்தது. யாருடைய வேலை என்பதை நான் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வயதான பின் எழுதப் பழகிய கைக்கும் முதுமையில் நடுங்கும் கைக்கும் ஒரே சாயல். அதனால் அவருக்கு அது எளிதாகவே இருந்திருக்கும்.

மேற்பார்வையாளர் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அரை மணி நேரத்தில் வந்தார். அதற்குள் உரிமையாளரும் வந்துவிட்டார்.

“உங்க ஆளே பச்சை போட்டுட்டு, உங்க ஆளே கரண்ட்டையும் கட் பண்றாரு மேடம். நல்ல கம்பெனி.”

அம்மையார் அட்டையை வாங்கிப் பார்த்தார். “உங்க கையெழுத்து மாதிரிதான் இருக்கு.”

“நான் போடல மேடம்.”

“போடலைன்னு எப்படி நம்புறது?” என்றார் உரிமையாளர். “இவன் யாருன்னு கேளுங்க மேடம். கள்ளக் கையெழுத்துப் போட்டு ஆறு வருசம் உள்ள இருந்தவன்.”

அம்மையார் என்னைப் பார்த்தார். அந்த வேலையும், மூன்றாண்டுகளாக அட்டைகளில் எழுதிச் சேர்த்த நற்பெயரும் அந்தப் பார்வையின் நுனியில் நின்றன.

“உண்மைதான் மேடம். நான் சொன்ன அரசு அச்சகம் ஜெயிலுக்குள்ள இருக்கு. மறைச்சது தப்பு. ஆனா இந்தக் கையெழுத்து கள்ளம்னு என்னால காட்ட முடியும். அந்தத் தொழில் தெரிஞ்சதாலதான் காட்ட முடியும்.”

“காட்டுங்க.”

புத்தகத்தைத் திறந்து, திங்கட்கிழமைச் சிவப்பு அட்டையின் கரிநகலைக் கிழித்தேன். மெல்லிய தாள். அதைப் பச்சை அட்டையின்மீது, கையொப்பத்தின்மேல் கையொப்பமாகப் பொருத்தி, பின்னாலிருந்து கைவிளக்கைப் பிடித்தேன். இரண்டும் ஒன்றாயின. சொரசொரப்பான சுவரில் பேனா துள்ளி, கோடு அறுந்த இடம்கூட அதே இடத்தில் அறுந்திருந்தது.

“அச்சு அசலா இருக்கு,” என்றார் அம்மையார். “அப்போ உங்களுதுதானே?”

“அச்சு அசலா இருக்கிறதாலதான் என்னுது இல்ல மேடம். பேர எழுதுறவன் ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதுறான். பார்த்து வரையிறவன்தான் ஒண்ணையே திரும்பப் போடுவான். கோடு அறுந்த இடத்தையும் எழுத்துன்னு நெனச்சு வரைஞ்சிருக்காங்க.”

அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “பத்து தடவை போடுங்க.”

போட்டேன். அவர் ஒவ்வொன்றையும் கரிநகலோடு பொருத்திப் பார்த்தார். ஒன்றுகூட ஒன்றோடு சேரவில்லை.

“ஒரு வயித்துல பொறந்த பத்துப் புள்ளைங்க மாதிரி இருக்கு,” என்றார். “சாயல் ஒண்ணு, ஆள் வேற.”

பிறகு என்னை அழைத்துக்கொண்டு மேலே ஏறி, தாமே சோதனையை நடத்தினார். வலப்புறப் பற்கள் வழுக்கின. கீழே வந்து, கிரீசு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, புதிய சிவப்பு அட்டையில் முதலில் என்னை எழுதச் சொன்னார். என் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதினார். என் பெயருக்குக் கீழே ஒரு மேலதிகாரியின் பெயர் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“அச்சக விசயத்த ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பு. ஆனா பூட்டை அறுத்து, கள்ள அட்டை மாட்டியிருக்காங்க. போலீஸ்ல புகார் குடுத்தே ஆகணும். யாரு போட்டதுன்னு தெரியுமா?”

உரிமையாளர் முந்திக்கொண்டார். “சொல்லுடா. பெத்த அப்பனையே காட்டிக் குடுப்பியா?”

அப்பாவைப் பற்றி அதுவரை யாரும் பேசவில்லை; பூட்டை அறுத்தது அவர் ஏவல் என்பதை அந்த வாக்கியத்தால் அவரே உறுதிசெய்தார். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். நான் புத்தகத்தின் பின்பக்கத் தாளை எடுத்தேன். நடந்ததை நடந்தபடி, தேதியும் நேரமும் இட்டு எழுதினேன். உரிமையாளரின் பெயரை எழுதினேன். அப்பாவின் பெயரையும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் அதுவே நீளமானது.

“ஒரு பத்து நிமிசம் குடுங்க மேடம்,” என்று ஐந்து மாடி ஏறினேன்.

அப்பா சன்னலோரம் அமர்ந்திருந்தார். என் கையிலிருந்த தாளைக் கண்டதும் விளங்கிக்கொண்டார்.

“என் பேரு இருக்கா?”

“இருக்குப்பா.”

“படி.”

படித்தேன். அவர் கண்களை மூடிக் கேட்டார்.

“நிறுத்தி நிறுத்திப் படிக்கிற. ஆனா ஒண்ணும் விட்டுப் போகல.” கண்களைத் திறந்து கேட்டார்: “ரெண்டும் சேர்ந்துச்சா?”

“மயிரிழை பிசகல.”

அவர் முகத்தில் பழைய ஒளி ஒன்று வந்தது. வந்த வேகத்திலேயே தணிந்தது.

“அதான் மாட்டிக்கிச்சு.”

“அதான்பா.”

“உன்னை உள்ள அனுப்புற அளவுக்கு நல்லா போட்டிருக்கேன். ரெண்டாவது தடவை.” சன்னலுக்கு வெளியே பார்த்தார். “அந்த ஆள் சும்மா இருக்க மாட்டான். எல்லாத்தையும் உன் தலையிலதான் கட்டுவான். எங்கடா போடணும்?”

“எதப்பா?”

“நான்தான் செஞ்சேன்னு கீழ ஒரு வரி எழுது. போடுறேன்.”

எழுதினேன். பேனாவைக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பவில்லை. வேறெதையும் பார்க்கவும் இல்லை. நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, பெரிது பெரிதாக, வரி மேலும் கீழும் ஓட எழுதினார். ஊரிலுள்ள எல்லாருடைய கையெழுத்தையும் அறிந்த அந்த மனிதரின் சொந்தக் கையெழுத்தை நான் அன்றுதான் கண்டேன். அது அழகாக இல்லை. முடித்ததும் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாவே இல்லடா.”

“நல்லா இருக்குப்பா. உங்களுது.”

கீழே இறங்கித் தாளை அம்மையாரிடம் நீட்டினேன். அவர் கடைசி வரி வரை படித்து, அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இது யார் போட்டது?”

“எங்க அப்பா, மேடம்,” என்றேன். உரிமையாளருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். “அவரே போட்டது.”