எட்டாம் போர்ட்

மைத்துனர்கள் இருவரும் பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தபோதுதான் வயர்க்காரருக்கு அந்த வேலை வந்தது. அலுவலகங்களிலும் கடைகளிலும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது அவர் தொழில். அதனால் மனைவி வீட்டில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அவர் காதுபடவே அப்படித்தான் சொல்வார்கள். இருபது வருஷத்தில் அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

மாமனார் விட்டுப்போன அச்சகம் ஒரே கட்டடத்தில் இரண்டு தொழிலாக உடைந்திருந்தது. கீழ்த்தளத்தில் பெரிய மைத்துனர் அட்டைப்பெட்டி செய்தார். மேல்தளத்தில் சின்னவன் லேபிள் அச்சடித்தான். வாசல் ஒன்று, படிக்கட்டு ஒன்று, இன்டர்நெட் இணைப்பும் ஒன்று. ஒருத்தர் வாடிக்கையாளரை இன்னொருத்தர் இழுக்கிறார் என்று இரண்டு தளத்திலும் புகைச்சல். யாரோ யாருடைய டிசைன் ஃபைலையோ திறந்து பார்த்துவிட்டதாகக் கைகலப்பு வரைக்கும் போனது.

"ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஆக்கிக் கொடுத்துடுங்க. நீங்க செஞ்சா ரெண்டு பேருமே நம்புவாங்க" என்றாள் மனைவி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள். இருவரோடும் தனித்தனியாகப் போனில் பேசிப் பேசி அவளுக்குக் காதே வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையாட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டர் வயர்களைச் செருக இருபத்துநாலு போர்ட் உள்ள புது நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றோடு வயர்க்காரர் போனார். சாதாரண சுவிட்ச் என்றால் வயரைச் செருகினால் போதும், எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். இது அப்படி இல்லை. உள்ளே போய் எந்த போர்ட் யாருக்கு என்று எழுதிவைக்கலாம். பெட்டி ஒன்றுதான், ஆனால் உள்ளே இரண்டு தனி வலை. ஒன்றில் இருப்பவருக்கு மற்றதில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த இரும்பு அலமாரியில் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, புதியதை நான்கு திருகில் இறுக்கினார். லேப்டாப்பை இணைத்து, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை முதலில் மாற்றினார். ஒன்றிலிருந்து பத்து வரை பெரியவருக்கு, பதினொன்றிலிருந்து இருபது வரை சின்னவனுக்கு, மிச்சம் கேமராவுக்கும் இன்டர்நெட்டுக்கும். ஒவ்வொரு வயரின் கழுத்திலும் நம்பர் ஒட்டினார். பெரியவருக்கு நீலம், சின்னவனுக்குப் பச்சை.

நீலத்தில் ஆறாவது வயரை ஒட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, மேலே என்ன போகுது வருதுன்னு எனக்கு மட்டும் தெரியற மாதிரி வைக்க முடியுமா? கெட்ட எண்ணம் இல்ல. அவன் சின்னப் பையன், ஏமாந்துடக் கூடாது பாருங்க."

சின்னப் பையனுக்கு முப்பத்தெட்டு வயது.

"முடியும் மச்சான். ஆனா செய்ய மாட்டேன்" என்றார் வயர்க்காரர்.

பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். டீ கிளாஸைக்கூட எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து மேல்தளத்தில் வயரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சின்னவன் கதவைச் சாத்தினான். "மாமா, ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். அண்ணன் கேட்டதையேதான் கேட்டான். அவனுக்கும் கெட்ட எண்ணம் இல்லையாம். வயர்க்காரரும் அதே பதிலைத்தான் சொன்னார்.

இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. ஏற்கெனவே கனன்று கிடப்பதில் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று நினைத்தார். அன்றைக்கு அது அவருக்குப் பெரிய மனுஷத்தனமாகவே பட்டது.

மத்தியானம் ஒரு சிக்கல். சின்னவனுடைய லேபிள் மெஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டருக்கு இணைப்பு நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்து அறுந்து வந்தது. அது பதினாலாம் போர்ட். அதில் போய் வருவதை அப்படியே நகல் எடுத்து வேறொரு போர்ட்டுக்கு அனுப்பும் வசதி சுவிட்சில் உண்டு. கோளாறு தேடுகிறவர்களுக்கு அதுதான் ஸ்டெதஸ்கோப். அவருடைய லேப்டாப் அப்போது எட்டாம் போர்ட்டில் செருகியிருந்தது. நீல வரிசையில் காலியாக இருந்த இடம், கைக்கு எட்டியது, அவ்வளவுதான் காரணம். பதினாலை எட்டுக்குத் திருப்பிப் பார்த்தார். பத்தே நிமிஷத்தில் பிடிபட்டது. மேஜைக்கு அடியில் எவரோ மறந்துபோன ஒரு குட்டி சுவிட்ச், ஒரே வயரின் இரண்டு முனையையும் அதிலேயே செருகியிருந்தார்கள். பிடுங்கி எறிந்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

கீழே இறங்கும்போதே சத்தம். வாசல் கேமராவின் திரை யார் அறையில் இருப்பது என்று மைத்துனர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். வயர்க்காரர் நடுவில் புகுந்து, இரண்டு அறையிலும் திரை வைக்கலாம் என்று தணித்துவிட்டு வந்தபோது தலை கனத்தது. செய்ததையெல்லாம் சுவிட்சில் நிரந்தரமாகச் சேமித்தார். லேப்டாப்பைப் பிடுங்கினார். அலமாரியைப் பூட்டினார். பதினாலை எட்டுக்குத் திருப்பியிருந்ததை நீக்க மறந்திருந்தார்.

நான்கு மாதம் ஒரு புகாரும் இல்லை.

சின்னவன் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். வயர்க்காரர் அந்த வாரம் வெளியூரில் ஒரு கிடங்கு வேலையில் இருந்தார். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி, சுவிட்சின் பாஸ்வேர்டையும் போனிலேயே கொடுத்தார். மறைக்க எதாவது இருக்கிறவன் அப்படிக் கொடுப்பானா என்று பின்னால் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் சின்னவன் அழைத்தான். மேல்தள அறையில் அவன் மட்டும் இருந்தான். மேஜையில் ஒரு தாள். புது ஆள் சுவிட்சிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

"உட்காருங்க மாமா. பதினாலுல போறது எட்டுக்கு எதுக்குப் போகுது? எட்டு யாருது?"

வயர்க்காரர் தாளைப் பார்த்தார். ஒரே ஒரு வரி.

"உன் மெஷின் அறுந்து அறுந்து வந்துச்சே, அதைக் கண்டுபிடிக்கப் போட்டது. எடுக்க மறந்துட்டேன். எட்டுல என் லேப்டாப் இருந்துச்சு. அதுக்கப்புறம் எதுவுமே இல்ல. போய்ப் பாரு, காலியாத்தான் கிடக்கு."

"இன்னிக்குக் காலி. நாலு மாசமா காலியா இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்." சின்னவன் தாளை மடித்தான். "நேராக் கேக்கறேன். அண்ணன் உங்ககிட்ட இதைக் கேட்டாரா, இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி தயங்கியது போதாதென்று உண்மையையும் சொன்னார். "கேட்டார். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"கேட்டார். நீங்க முடியாதுன்னீங்க. ஆனா வேலை நடந்திருக்கு."

சின்னவன் கதவைத் திறந்து, எட்டு மாதமும் நான்கு மாதமும் சேர்த்து ஒரு வருஷமாக வாயில் வராத வார்த்தையைப் படிக்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "அண்ணா, மேல வா."

பெரியவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது. "நான் எங்கடா கேட்டேன்? முடியுமான்னு சும்மா விசாரிச்சேன். மாப்பிள்ளை, நான் வைக்கச் சொன்னேனா?"

"சொன்னீங்க மச்சான். இவனும் சொன்னான். ரெண்டு பேருக்கும் மாட்டேன்னுதான் சொன்னேன்."

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெட்கம் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி ஏறியது. அப்பாவைக் கொண்ட முகங்கள். அந்த வெட்கத்தை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். இறக்கிவைக்க அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"அவன் கேட்டதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் பெரியவர். குரல் இப்போது நிதானமாக இருந்தது. "நான் கேட்டதை ஏன் அவன்கிட்ட சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா, நாங்க அன்னிக்கே உட்கார்ந்து பேசியிருப்போம்."

"எப்படி அண்ணா சொல்லுவார்? நமக்குள்ள சண்டை இருந்தாத்தானே ரெண்டு வீட்டுலயும் அவருக்கு நாற்காலி" என்றான் தம்பி.

வயர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "நீங்க செய்யலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பத்து நாள் நடமாடினார்.

பத்து நாளில் அண்ணன் வீட்டுக்குத் தம்பி குடும்பத்தோடு போனான். அண்ணி போனில் மனைவியைக் கூப்பிட்டாள். அவள் போய்வந்தாள். முகத்தில் பல மாதமாக இல்லாத தெளிவு. பசங்கள் எல்லாம் ஒன்றாக விளையாடியதை, தம்பி அண்ணன் தட்டில் எடுத்து வைத்ததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்து, துணியை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னங்க, அடுத்த ஞாயிறு உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. போய் ஒரு வார்த்தை, தப்புதான்னு சொல்லிடுங்களேன்."

"எது தப்பு?"

"மறந்தது தப்புதானே?"

"அவங்க நினைக்கிறது அந்தத் தப்பை இல்லையே."

"தெரியும்." மடித்த துணியை மறுபடியும் பிரித்தாள். "நீங்க செய்யலன்னு நிரூபிச்சா என்ன ஆகும்? மறுபடியும் அவன் கேட்டான், இவர் கேட்டார்னு ஆரம்பிக்கும். இப்ப பேசிக்கிறாங்க. உங்க மேல கோபப்பட்டுத்தான் பேசிக்கிறாங்க. பேசிக்கட்டுமே."

அவள் தெரியாமல் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பார். தெரிந்தே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனார். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். "தப்பு என்னுதுதான்" என்றார். எந்தத் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "விடுங்க மாப்பிள்ளை. மனுஷனுக்கு சபலம் வரும். ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் பெருசு." சின்னவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது. அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

பெரியவருக்கு வாய் நீளம், மனசில் விஷம் கிடையாது. வியாபாரிகள் சங்கத்தில், தம்பியோடு மறுபடி சேர்ந்த கதையைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மாப்பிள்ளை வேவு வைத்ததும், அகப்பட்டதும், குடும்பம் மன்னித்ததும் அந்தக் கதையில் இருந்தன. மாப்பிள்ளையைப் பெருமையாகத்தான் சொன்னார், எவ்வளவு நேர்மையாக ஒத்துக்கொண்டார் என்று.

முதலில் கிடங்குக்காரர் போனை எடுப்பதை நிறுத்தினார். பிறகு ஒரு பள்ளிக்கூடம், வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. மழை பிடித்த ஒரு மாலையில் பல் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவருடைய மூன்று கிளினிக்குக்கும் வயர்க்காரர்தான்.

"நான் எதையும் நம்பல" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ஆனா இங்க நோயாளிகளோட விவரம் எல்லாம் இருக்கு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தி என் கையில கொடுத்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல டாக்டர். எடுத்துக்கல."

மருந்து வாசனை அடித்த அந்தச் சின்ன அறையில், தானே மாட்டிய சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். வரவேற்பில் இருந்த பெண் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சொல்லியிருப்பார்கள். புதியதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் அவரை வைத்துக்கொண்டே ஒரு முறை போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி போனில் இருந்தாள். மறுமுனையில் அண்ணனா தம்பியா தெரியவில்லை, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தி, "சீக்கிரம் வந்துட்டீங்களே, வேலை முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றார். நனைந்த சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார்.