மருந்து கட்டும் அறை

மடுல்சீமைக்கு ஏறுகிற பாதையோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த தாதி ஜெசிந்தினி ஒருத்திதான். டாக்டருக்குச் சிங்களம் மட்டுமே வரும். வருகிற சனத்தில் முக்கால்வாசி தோட்டத்து ஆட்கள். அதனால் காலையிலிருந்து டாக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்களுடைய இருமலையும் இடுப்பு வலியையும் சிங்களத்தில் சொல்வதும், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதுமே அவளுடைய உத்தியோகமாகிப் போனது.

அவள் படித்தது வேறு. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தவர்களின் ஆறாத கால்புண்ணுக்கு மருந்து கட்ட, கொழும்பில் தனியாகப் பயிற்சி எடுத்திருந்தாள். திரும்பி வந்த வாரமே மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். மருந்து கட்டும் அறையில் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்தார்கள். ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்கவும் அலுத்துவிட்டது.

மழைக்காலத்தில் இராக்கம்மா வந்தாள். தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். கால் பெருவிரலுக்கடியில் புண். டாக்டர் சொன்னதை ஜெசிந்தினி சொன்னாள்: "பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டணுமாம்மா."

"லயத்து வீட்டுலேருந்து பஸ் ரோட்டுக்கு வரவே இந்தக் காலோட அரை நாளாவுது, மிஸ்ஸி. இங்க கட்ட ஆளில்லையா?"

ஆள் இருக்கிறது, எதிரில்தான் நிற்கிறது என்று சொல்ல ஜெசிந்தினிக்கு வாய் வரவில்லை. அதற்குள் அடுத்தவள் பிள்ளையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து இராக்கம்மா மறுபடி வந்தபோது பெருவிரல் இல்லை. பதுளையில் எடுத்துவிட்டார்களாம். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு கம்பை ஊன்றிப் போனாள். அன்றைக்கு ஜெசிந்தினி வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றாமல் படுத்துவிட்டாள். "என்ன செய்யுது?" என்று கேட்ட புருஷனிடம், "ஒண்ணுமில்ல, அலுப்பு" என்றாள்.

அந்த மாதம்தான் முஷ்ரிபா, தாதிமாருக்குப் பொறுப்பான சிஸ்டராக மாற்றலாகி வந்தார். வந்ததும் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நீங்க என்ன படிச்சீங்க? இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டார். ஜெசிந்தினி பதில் சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

முஷ்ரிபா அழுது முடிக்க விட்டார். "சரி மகள், டாக்டர்கிட்டப் போவோம்."

டாக்டர் மோசமானவர் இல்லை, அவரும் களைத்திருந்தார். "இவளை எடுத்துட்டா, அவங்க சொல்றதை எனக்கு யார் சொல்றது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வாசல்ல ஜௌபர் நிக்கிறார். ரெண்டு பாஷையும் பேசுவார். கேட் திறக்கிறதுக்கு அவ்வளவு வாய் எதுக்கு?" என்றார் முஷ்ரிபா.

ஜௌபர் சந்தோஷமாக வந்தார். ஆனால் முதல் நாளே, மாதத்தீட்டுப் பற்றிக் கேட்கப்பட்ட ஓர் இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். ஜௌபரே வந்து சொன்னார்: "சிஸ்டர், பொம்பளைங்க விசயத்துக்கு நான் சரிவர மாட்டேன்." அதற்கு முஷ்ரிபா தானே வந்து நிற்பதாக ஏற்பாடானது. மருந்து கட்டும் அறையிலிருந்த கட்டில்கள் வெளியே போயின. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அறை திறந்தது.

எல்லாம் சீராகிவிடவில்லை. ஜௌபர் லீவில் போனால் ஜெசிந்தினி பழையபடி மேசைக்கே போக வேண்டியிருந்தது. கட்டுத்துணியும் அடிக்கடி தீர்ந்துபோனது. இருந்தாலும் தோட்டத்துக்குச் சொல்லியனுப்பி இராக்கம்மாவை வரவழைத்தாள். அடுத்த விரலிலும் புண் தொடங்கியிருந்தது.

குனிந்து உட்கார்ந்து, செத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கை மறந்திருக்கவில்லை.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா நல்லதாமே. பதுளையில சொன்னாங்க."

"ஆமாம்மா, கால்ல உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம். நல்லதுதான்."

சித்திரை பிறந்தபோது புண் மூடியிருந்தது. இராக்கம்மா அந்த விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இது தங்கிருச்சு, மிஸ்ஸி" என்றாள். பக்கத்தில் பெருவிரல் இருந்த இடத்தை இருவருமே பார்த்தார்கள்.

வெளியே மர வாங்கில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தினிக்கு இடுப்பு கடுத்தது. கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.